நாலு ஆள் வேலைக்குக் காப்பீடு எதற்கு என்பவர்களுக்கு

மழைக்காலம் முடிந்ததும் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் கொத்தனார்களுக்குக் கிராக்கி ஏறிவிடும். ஓதம் ஏறி உப்புப் பூத்த சுவர், ஒழுகும் தளம், வெள்ளம் அரித்த காம்பவுண்டு, சரிந்து நிற்கும் கைப்பிடிச் சுவர் என்று தெருவுக்குத் தெரு வேலை இருக்கும். மேஸ்திரி வருவார், சுற்றிப் பார்ப்பார், எஸ்டிமேட் சொல்வார். சிமென்ட் இத்தனை மூட்டை, எம்-சாண்ட் இத்தனை யூனிட், கொத்தனார் இத்தனை ஆள், சித்தாள் இத்தனை ஆள். அந்த ஆட்களில் ஒருவர் சாரத்திலிருந்து விழுந்துவிட்டால் என்ன ஏற்பாடு என்று யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் வரும் பதில் ஊர் முழுக்க ஒன்றுதான்: “நாலு ஆள் வேலைங்க, இதுக்குப் போய் எதுக்கு இன்சூரன்ஸ்?”

மேஸ்திரி மட்டும் இப்படிச் சொன்னால் அறியாமை என்று விட்டுவிடலாம். வீட்டுக்காரரும் சொல்கிறார், லாட்ஜ் நடத்துபவரும் சொல்கிறார், விவரம் தெரிந்தவர்கள் என்று நாம் நம்பும் கணக்காளர்களும் சொல்கிறார்கள். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு, அதாவது தொழிலில் இருப்பவர்கள் டபிள்யூ.சி. பாலிசி என்று சொல்வது, மாடிக்கு மேல் மாடி எழுப்பும் பெரிய கம்பெனிக்கு உரியதாம். சேதத்தைச் சரிசெய்கிற சின்ன ஒப்பந்தக்காரருக்கு அது தேவையில்லாத செலவாம். வேலையின் தன்மை, சட்டம், கணக்கு எதை வைத்துப் பார்த்தாலும் இந்தக் கருத்து தவறு. இதற்கு விலை கொடுப்பவர்கள் இதைச் சொல்கிறவர்கள் அல்லர் என்பதால், தவறு என்பதோடு நிறுத்திக்கொள்ளவும் எனக்கு மனம் வரவில்லை.

முதலில் வேலையைப் பார்ப்போம். புதுக் கட்டடம் கட்டுகிறவருக்குத் தான் நிற்கும் இடத்தின் பலம் தெரியும். வரைபடம் இருக்கிறது, கம்பியின் கனம் தெரியும், தூண் எத்தனை எடை தாங்கும் என்று ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்திருக்கிறார். பழுது பார்க்க ஏறுகிறவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. ஏற்கெனவே தோற்றுப்போன ஓர் இடத்தில் அவர் காலை வைக்கிறார். ஸ்ரீரங்கத்தின் உத்தர வீதி, சித்திரை வீதி வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த வீடுகள் ஒரே பொதுச் சுவரைத் தாங்கி நிற்கும். ஒரு வீட்டின் தளத்தைப் பிரித்தால் பக்கத்து வீட்டுச் சுவர் பிடிமானம் இழக்கும். பழைய மெட்ராஸ் டெரஸ் தளம் மர உத்தரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்தது. உத்தரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருக்கும். செல்லும் ஈரமும் தின்பது அந்த முனையைத்தான். கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் மரம் திடமாகவே தெரியும். மேலே நின்று கடப்பாறை போடுகிறவருக்கு, சுவருக்குள் ஒன்றும் மிச்சமில்லை என்பது கால் இறங்கும் நொடியில்தான் தெரியும்.

வெள்ளம் வடிந்த வீடு இன்னும் மோசம். மண் சாந்தில் கட்டிய சுவர் ஊறியிருக்கும்போது நின்றுவிட்டு, காயும்போது வெடிக்கும். தண்ணீர் தேங்கிய கீழ்த்தளத்தில் மோட்டார் வைத்து இறைக்கும் பையன் ஈரத்தில் நின்றபடி ஒட்டுப்போட்ட ஒயரைப் பிடித்திருப்பான். காற்றோட்டமில்லாத இடத்தில் டீசல் பம்பு ஓடினால் அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. சேற்றை அள்ளுகிறவருக்கு எலிக்காய்ச்சல் வரலாம். தொற்று அபாயம் மிகுந்த வேலையில் பிடிக்கும் தொற்றுநோயைத் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை தொழில்சார் நோயாகவே கணக்கில் வைக்கிறது என்பதை, சேறு அள்ள ஆள் அனுப்புகிறவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

நாலு ஆள் செய்வதால் வேலை சின்னதாகிவிடாது. ஆள் குறைவாக இருந்தால் ஆபத்து கூடும். மேற்பார்வைக்குத் தனி ஆள் இருக்கமாட்டார். சவுக்குக் கம்பும் கயிறும் வைத்துக் கட்டிய சாரத்தை யாரும் சோதிக்கமாட்டார்கள். முட்டுக் கொடுக்கப் போதுமான ஜாக்கி இருக்காது. “ரெண்டு நாள் வேலைதானே” என்று இடுப்புக் கயிறும் கட்டமாட்டார்கள்.

திருச்சி இப்படிப்பட்ட வேலைகளாலேயே திரும்பத் திரும்ப எழுந்து நின்ற ஊர். 2005 நவம்பரில் கோரையாறும் குடமுருட்டியும் பெருகி நகரின் மேற்குப் பகுதிகள் நீரில் கிடந்தபின், வீடு வீடாகச் சேறு அள்ளிச் சுவர் பூசியவர்கள் கூலிக்காரர்கள். 2018 ஆகஸ்டில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்தன. அடுத்த சில நாட்களில் முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஓடும் தண்ணீருக்கு நடுவே மணல் மூட்டையும் பாறையும் போட்டு அந்த உடைப்பை அடைத்தார்கள். 2022 செப்டம்பரில் மூடிய காவிரிப் பாலத்தில் தேய்ந்த இணைப்புகளையும் தாங்கிகளையும் சரிசெய்து 2023 மார்ச்சில் நமக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 5-ஆம் தேதி அதிகாலை, ஸ்ரீரங்கம் கோயிலின் கிழக்கு வாசல் தாமோதர கிருஷ்ணன் கோபுரத்தின் முதல் நிலைச் சுவரில் ஒரு பகுதி இடிந்து தெருவில் விழுந்தது. யாருக்கும் காயமில்லை என்று ஊர் பெருமூச்சு விட்டது. நியாயமான பெருமூச்சுதான். ஆனால் இடிந்த நிலைக்கு முட்டுக் கொடுத்து மீண்டும் கட்ட யாரோ சிலர் ஏறித்தானே ஆக வேண்டும்? நாம் விலகி நின்ற இடத்துக்குள்தான் அவர்கள் நுழைகிறார்கள்.

இதே கோயிலின் புனரமைப்புக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தபோது ஊரே பெருமைப்பட்டது. பழையதை மீட்டெடுப்பது உயர்ந்த கலை என்று நாம் ஏற்றுக்கொண்டோம். அந்தக் கலையைச் செய்யும் கைகளைப் பற்றி மட்டும் “சின்ன வேலை” என்கிறோம்.

அடுத்தது சட்டம். இங்கேதான் குழப்பம் மிகுதி, அதற்குக் காரணமும் உண்டு. “பத்துப் பேருக்குக் கீழே சட்டம் கிடையாது” என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. வேறு சட்டத்தைச் சொல்கிறார். இ.எஸ்.ஐ. பத்துப் பேர் என்ற கணக்கில் தொடங்குகிறது. 1996-ஆம் ஆண்டுக் கட்டடத் தொழிலாளர் சட்டமும் பத்துப் பேர் வேலை செய்யும் இடத்திலிருந்துதான் பொருந்தியது. சொந்தக் குடியிருப்புக்காக 10 லட்சம் ரூபாய்க்குள் நடக்கும் வேலையை அது விலக்கியும் வைத்தது. இந்த எண்கள் எல்லார் காதிலும் விழுந்து, தொழிலாளர் சட்டம் முழுவதுக்கும் அதுதான் வாசல் என்று ஆகிவிட்டது. இழப்பீட்டுச் சட்டத்துக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. ஒரே ஒரு ஆள் வேலை செய்தாலும் பொறுப்பு உண்டு. அந்த ஆளுக்கு இ.எஸ்.ஐ. இல்லையென்றால்தான் இது முழுமையாகப் பொருந்தும். பத்துப் பேருக்குக் குறைந்த இடம் எதிலும் சேராத இடம் என்று நினைக்கிறார்கள். அந்த இடத்துக்கென்றே நிற்கும் சட்டம் இது.

1923-ல் இயற்றப்பட்டு 1924 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. அதே ஜூலையில்தான் காவிரியில் இன்றுவரை பேசப்படும் பெருவெள்ளம் வந்தது. யார் யார் தொழிலாளி என்று சொல்லும் அதன் இரண்டாம் அட்டவணையைப் படித்தால் நம் ஊரைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கும். ஒரு மாடிக்கு மேற்பட்ட, அல்லது தரையிலிருந்து கூரை உச்சி வரை 12 அடியோ அதற்கு மேலோ உள்ள கட்டடத்தைக் கட்டுவது, பராமரிப்பது, பழுதுபார்ப்பது, இடிப்பது எல்லாம் அதில் உண்டு. 12 அடி உயர அணையும் கரையும் உண்டு. சாலை, பாலம், கால்வாய் உண்டு. அக்ரகாரத்து வீடு, முக்கொம்பு, காவிரிப் பாலம் என நான் மேலே சொன்ன எதுவும் விடுபடவில்லை. பழுதுபார்ப்பு இந்தச் சட்டத்துக்குப் புதிதாக வந்து சேர்ந்த வேலையும் அல்ல.

தினக்கூலி, இன்றைக்கு வருவான் நாளைக்கு வரமாட்டான் என்ற வாதமும் பழையது. தற்செயலாக வேலைக்கு வருபவர் என்ற விலக்கை 2000-ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது. ஆகவே மேஸ்திரி இல்லாமல் தானே ஆள் பிடித்துத் தன் கையால் கூலி கொடுத்து மாடிச் சுவரைப் பூசச் சொல்லும் வீட்டுக்காரரும் முதலாளியாகக் கருதப்பட இடமுண்டு. பெரிய ஒப்பந்தத்தை எடுத்து உள் ஒப்பந்தமாகப் பிரித்துக் கொடுப்பவர் நிலை இன்னும் தெளிவு. தன் தொழிலின் பகுதியான வேலையை அடுத்தவரிடம் கொடுத்தவர் முதலில் தானே இழப்பீட்டைக் கட்ட வேண்டும். பிறகு உள் ஒப்பந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளலாம்.

2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய சட்டம் போய்விட்டது, இனிக் கவலையில்லை என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அது சரியில்லை. தொகுப்பின் ஏழாம் அத்தியாயம் முதலாளியின் பொறுப்பை அப்படியே தொடர்கிறது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியிலும் வேலை முடிந்து திரும்பும் வழியிலும், வேலையோடு தொடர்புடையதாக நேரும் விபத்தையும் சேர்த்து அதை விரிவாக்கியிருக்கிறது. துறையூர்ப் பக்கத்திலிருந்து விடியலில் கிளம்பிச் சத்திரம் பேருந்து நிலையம் வந்து சேர்கிற சித்தாளுக்கு இது பெரிய விஷயம்.

நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மத்தியச் சட்டம் காப்பீடு எடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தியதில்லை. பொறுப்புதான் கட்டாயம். அமெரிக்காவில் டெக்சாஸ் போன்ற விலக்குகள் தவிரப் பெரும்பாலான மாநிலங்களில் இந்தக் காப்பீடு இல்லாமல் ஆளை வேலைக்கு வைக்க முடியாது. நம் நாட்டிலோ காவிரிப் பாலத்தைக் கடக்கும் ஸ்கூட்டருக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், அதே பாலத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிறவருக்குக் கட்டாயமில்லை. இந்த இடைவெளியை வைத்துத்தான் “சட்டம் கேக்கலையே” என்கிறார்கள். சட்டம் பாலிசியைக் கேட்கவில்லை, பணத்தைக் கேட்கிறது. எவ்வளவு கேட்கிறது என்று தெரிந்தால் இந்தப் பேச்சு நின்றுவிடும்.

40 வயதுக் கொத்தனார் ஒருவர் வேலையில் இறந்துபோகிறார் என்று கொள்வோம். நாள் கூலி 1,000 ரூபாய் வாங்கியவராக இருந்தாலும், 2020 ஜனவரி 3-ஆம் தேதி அறிவிப்பின்படி கணக்கில் எடுக்கும் மாத ஊதியத்தின் உச்சவரம்பு 15,000 ரூபாய். அதில் பாதி 7,500. நாற்பது வயதுக்கான பெருக்கு எண் 184.17. பெருக்கினால் 13,81,275 ரூபாய். வயது முப்பது என்றால் 15,59,850. இறக்காமல் நிரந்தரமாக முழுதும் முடங்கிப்போனால் பாதிக்குப் பதில் 60 சதவீதம்: முப்பது வயதுக்காரருக்கு 18,71,820. இவை போக, 2009-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு சிகிச்சைக்கு உண்மையில் ஆன செலவையும் முதலாளியே திருப்பித் தர வேண்டும். அதற்கு உச்சவரம்பு எதுவும் எழுதப்படவில்லை. ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி, நியாயமான காரணமில்லாத தாமதத்துக்கு இழப்பீட்டில் பாதி வரை அபராதம். வழக்கு முடிந்து தீர்ப்பு வந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றும் காத்திருக்க முடியாது. தொகை விபத்து நடந்த அன்றே கடனாகிவிடுகிறது என்று பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரிசாவில் ஒரு சினிமா அரங்கில் அலங்கார வேலை பார்த்த தச்சர் விழுந்து இடது கையை இழந்த வழக்கு அது. ஒரு கை போனால் பாதி இழப்புதானே என்று முதலாளி தரப்பு வாதிட்டது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, எனவே அது முழு இழப்பே என்ற இழப்பீட்டு ஆணையரின் முடிவை நீதிமன்றம் உறுதிசெய்தது. கொத்தனாருக்கும் பெயிண்டருக்கும் இது அப்படியே பொருந்தும்.

நாலு ஆள் வைத்துப் பிழைக்கும் மேஸ்திரியிடம் 14 லட்சம் ஏது? ஊரறிந்த உண்மை, இல்லை. அதனால்தான் காப்பீடு பெரிய கம்பெனிக்கு உரியது என்ற வாதம் தலைகீழ் என்கிறேன். பெரிய கம்பெனி தன் கையிருப்பிலிருந்து கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். மேஸ்திரி வீட்டை விற்பார், அல்லது ஊரைவிட்டுப் போவார். அவர் போய்விட்டால் இறந்தவரின் மனைவி கையில் இருப்பது வெறும் தீர்ப்பு நகல்.

“எங்க ஆளுங்க, எதாச்சும் ஆனா நாங்க பாத்துக்குவோம்” என்பது எல்லா வாதங்களிலும் மிக மனிதத்தன்மை உள்ளதாகத் தோன்றும். பல மேஸ்திரிகள் அதை மனதாரச் சொல்கிறார்கள் என்பதையும் நான் சந்தேகப்படவில்லை. சொந்தக்காரர்கள், ஒரே ஊர்க்காரர்கள், பத்து வருஷமாகக் கூடவே வேலை பார்த்தவர்கள். ஆனால் நடப்பது என்ன? இறப்பு நேர்ந்த அன்று அரசு மருத்துவமனைப் பிணவறை வாசலில் நாலு பெரியவர்கள் உட்கார்ந்து ஒரு தொகை பேசுவார்கள். ஒரு லட்சம், இரண்டு லட்சம். வெள்ளைத்தாளில் கையெழுத்து அல்லது கைநாட்டு. “இனிமேல் எந்தக் கோரிக்கையும் இல்லை” என்று ஒரு வரி. அழுதுகொண்டிருக்கும் பெண்ணுக்கு அந்தத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்றே தெரியாது. இது சமரசம் என்று எல்லாரும் கலைந்து போவார்கள்.

சட்டம் இதை ஏற்பதில்லை. இறப்புக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். திருச்சியில் அந்த அதிகாரத்தை வைத்திருப்பது தொழிலாளர் துறை. நேரடியாகக் குடும்பத்திடம் கொடுத்த பணம் இழப்பீடு கொடுத்ததாகவே கருதப்படாது. மூன்று மாதக் கூலி அளவுக்கு முன்பணம் கொடுக்கலாம், அது மட்டும் கணக்கில் கழியும். உரிமையை விட்டுக்கொடுத்து எழுதிய தாளும் செல்லாது. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8-ஆம், 17-ஆம் பிரிவுகள் இவற்றைச் சொல்லின, புதிய தொகுப்பிலும் இவை உண்டு. ஏன் இவ்வளவு கறார்? பிணவறை வாசலில் பேரம் பேசும் நிலையில் ஒரு விதவை இருக்கமாட்டாள் என்று நூறு வருஷத்துக்கு முன்பே சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆக, நல்ல மனதோடு இரண்டு லட்சம் கொடுத்த மேஸ்திரிக்கும் அந்தக் கடன் அப்படியே நிற்கிறது. இரண்டு ஆண்டுக்குள் அந்தக் குடும்பம் மனு போட்டால் அவர் முழுத்தொகையையும் கட்ட வேண்டியிருக்கும். பீகாரிலிருந்தோ மேற்கு வங்கத்திலிருந்தோ வந்தவர் என்றால், குடும்பம் இங்கே வந்து அலைய வேண்டியதுகூட இல்லை. வாரிசுகள் குடியிருக்கும் ஊரிலேயே மனு செய்ய 1995-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்தது. “வடநாட்டுப் பசங்க, யாரு வந்து கேக்கப் போறா” என்ற பேச்சைக் கேட்கும்போது வரும் கோபத்தை நான் மறைக்க விரும்பவில்லை. கேட்க ஆள் வராது என்பதை நம்பி வேலைக்கு வைப்பது கொடுமை.

“தண்ணியப் போட்டுட்டு ஏறினான், அவன் தப்பு” என்ற வாதத்துக்குச் சுருக்கமான பதில் போதும். சிறு காயம் என்றால் போதையும், வேண்டுமென்றே விதியை மீறியதும் முதலாளிக்கு விலக்குத் தரலாம். இறப்பிலும் நிரந்தர முழு முடக்கத்திலும் அந்த விலக்கு கிடையாது. யார் தவறு என்று விசாரிக்காமல் குடும்பத்தைக் காப்பதே இந்தச் சட்டத்தின் நோக்கம்.

அரசு இருக்கிறது என்பார்கள். இருக்கிறதுதான். தமிழ்நாட்டில் 1994 முதல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இயங்குகிறது. விபத்து மரணத்துக்கு உதவித்தொகை தருகிறது. வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் 2 லட்சம் வரை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டில் மருத்துவம் பார்க்கலாம். இவை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஒவ்வொரு சித்தாளும் வாரியத்தில் பதிந்து, அட்டையைப் புதுப்பித்து வைத்திருக்க வேண்டும். ஆனால் இவற்றில் எதுவும் முதலாளியின் கடனை அடைக்காது. வாரியம் தருவது சமூகத்தின் உதவி. இழப்பீடு, லாபம் பார்த்தவர் தர வேண்டிய பாக்கி. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிவிடுவது, பொதுப் பணத்தில் தன் கடனைக் கழிப்பதாகும். இதே பிழை வேறு உருவிலும் வருகிறது. கொஞ்சம் பெரிய ஒப்பந்தக்காரர்கள் “எங்ககிட்ட சி.ஏ.ஆர். பாலிசி இருக்கே” என்பார்கள். ஒப்பந்தக்காரர் முழு இடர் பாலிசி கட்டுமானத்துக்கு நேரும் சேதத்தையும், வழியில் போகும் மூன்றாம் நபருக்கு நேரும் கேட்டையும் பார்க்கும். ஒப்பந்தக்காரரின் சொந்த ஆட்கள் அந்த மூன்றாம் நபர் கணக்கில் வரமாட்டார்கள். இடிந்து விழும் சுவருக்குக் காப்பீடு இருக்கும், அதன் அடியில் நிற்பவருக்கு இருக்காது. குழு விபத்துக் காப்பீடும் அப்படித்தான். பேசிய தொகையைத் தரும், சட்டப் பொறுப்பை ஏற்காது.

இனி, கொஞ்சம் அனுபவப்பட்டவர்கள் சொல்லும் வாதம்: “பாலிசி எடுத்தாலும் பணம் வராதுங்க.” இதை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். மறுக்கப்படும் கோரிக்கைகள் உண்டு. ஏன் மறுக்கிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் எடுத்த விதத்திலேயே ஓட்டை இருக்கும். இந்தப் பாலிசியின் பிரீமியம் நாம் அறிவிக்கும் மொத்தக் கூலியின் மேல் கணக்கிடப்படுவது. பிரீமியத்தைக் குறைக்க, 1,000 ரூபாய்க் கூலியை 300 என்று எழுதிக் கொடுப்பார்கள். எட்டுப் பேர் வேலை செய்யும் இடத்தில் மூன்று பேர் என்று காட்டுவார்கள். உள்ளே பெயிண்டிங் என்று சொல்லிவிட்டு வெளியே சாரத்தில் ஏற்றுவார்கள். உறையூர் விலாசத்தை எழுதிவிட்டுத் திருவானைக்காவலில் வேலை நடத்துவார்கள். உள் ஒப்பந்தக்காரரின் ஆட்களைச் சேர்க்கும் விரிவாக்கத்தைக் கேட்டு வாங்கமாட்டார்கள். விபத்து நடந்தபின் இந்த ஒவ்வொரு பொய்யும் குடும்பத்துக்கு எதிரான சாட்சியாகத் திரும்பும். மஸ்டர் ரோல் எழுதாதவர்களுக்கும் இதே கதிதான். ஆள் அன்று வேலையில் இருந்தார் என்பதற்கே சான்று இருக்காது.

நிறுவனங்கள் மீதும் எனக்குக் குறை உண்டு. நியூ இந்தியா, நேஷனல், ஓரியண்டல், யுனைடெட் இந்தியா என்று பொதுத்துறைப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் நான்கு இருந்தும், ஒரு மேஸ்திரிக்குப் புரியும்படி இதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதித் தருவார் இல்லை. பாலிசியில் மருத்துவச் செலவு தனி விரிவாக்கம், தொழில்சார் நோய் தனி விரிவாக்கம் என்பதை விற்கிறவரே சொல்லாமல் விட்டுவிடுகிறார். தாமதத்துக்கான அபராதத்தை நிறுவனம் ஏற்காது, அது முதலாளியின் தலையில்தான் விழும் என்று வேத் பிரகாஷ் கார்க் வழக்கில் 1997-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் பலருக்குத் தெரியாது. விபத்தை உடனே தெரிவிப்பதும் பணத்தை உரிய நாளுக்குள் கட்டுவதும் பாலிசி வைத்திருப்பவர் கையில்தான் இருக்கிறது. இவை அனைத்தும் ஒழுங்காக எடுக்க வேண்டும் என்பதற்கான காரணங்கள். எடுக்கவே வேண்டாம் என்பதற்கு இவற்றில் ஒன்றும் உதவாது.

கடைசியாகச் செலவு. பிரீமிய வீதம் வேலையின் ஆபத்தையும் நிறுவனத்தையும் பொறுத்து மாறும். வாதத்துக்காகக் கூலியில் மூன்று சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். நாலு ஆள், பதினைந்து நாள், சராசரிக் கூலி 900 என்றால் மொத்தக் கூலி 54,000 ரூபாய். பிரீமியம் 1,620. இரட்டிப்பாகவே இருக்கட்டும், 3,240. சிமென்ட், மணல், பெயிண்ட் எல்லாம் சேர்ந்த எஸ்டிமேட்டில் இது கவனிக்கவே தேவையில்லாத தொகை. டைல்ஸ் நிறத்தை மாற்றினால் இதைவிட அதிகம் ஏறும். குறைந்தபட்ச பிரீமியம், அடிக்கடி மாறும் ஆட்கள் போன்ற சிக்கல்கள் உண்மை. அவற்றுக்கு வழியும் உண்டு. ஆட்களின் பெயரைக் குறிப்பிடாமல் கொத்தனார் இத்தனை, கையாள் இத்தனை என்று வகைவாரியாக ஆண்டுப் பாலிசி எடுத்து, முடிவில் உண்மைக் கூலியைக் காட்டிக் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட வேலைக்காலத்துக்கு மட்டும் எடுக்கும் பாலிசியும் கிடைக்கிறது.

பிரீமியம் சேர்த்தால் விலை ஏறும், வேலை அடுத்தவனுக்குப் போய்விடும் என்று மேஸ்திரி அஞ்சுவது மட்டும் நியாயமான அச்சம். ஒருவர் மட்டும் நேர்மையாக இருந்தால் அவர்தான் தோற்பார். அதனால் இதை மேஸ்திரியின் மனசாட்சிக்கு விட்டுவிடக் கூடாது. வேலை கொடுக்கிறவர்கள் கேட்க வேண்டும். பொன்மலை ரயில்வே தொழிற்கூடமும் பெல் நிறுவனமும் இருக்கும் ஊர் இது. 1946 செப்டம்பர் 5-ல் பொன்மலையில் துப்பாக்கிச் சூட்டுக்குத் தொழிலாளர்களைப் பறிகொடுத்த ஊர். தொழிற்சாலை வாசலுக்குள் இருப்பவருக்கு என்ன உரிமை என்று இங்கே யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அதே மதிலுக்கு வெளியே நின்று மதிலைப் பூசுகிறவருக்கும் அது வேண்டும்.

மாநகராட்சி, கோயில் நிர்வாகம், நீர்வளத் துறை, நெடுஞ்சாலைத் துறை ஆகியவற்றின் ஒப்பந்தப்புள்ளிகளில் காப்பீட்டு நிபந்தனை இருந்தால் மட்டும் போதாது. முதல் பட்டியல் தொகையைக் கொடுக்கும் முன் பாலிசி நகலை வாங்கிப் படிக்க வேண்டும். உள் ஒப்பந்த ஆட்களும் அதில் வருகிறார்களா, உயரத்தில் செய்யும் வேலை விலக்கப்பட்டிருக்கிறதா, வேலை முடியும் நாள் வரை செல்லுமா, எழுதிய கூலியும் மஸ்டர் ரோலில் உள்ள கூலியும் ஒன்றா என்று ஒரு பொறியாளர் கால் மணி நேரத்தில் பார்த்துவிடலாம். வீட்டுக்காரருக்கும் இதே கேள்விகள்தான். மேஸ்திரி எஸ்டிமேட் சொல்லும்போது கூலிக்கு அடுத்த வரியில் பிரீமியத்தை எழுதச் சொல்லுங்கள், அதை நீங்களே கொடுங்கள். இரண்டு மேஸ்திரிகளின் விலையை ஒப்பிடும்போது அந்த வரி இல்லாத எஸ்டிமேட்டை மலிவானது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறைந்திருக்கும் அந்த ஆயிரத்துச் சொச்சத்தை அவர் தள்ளுபடி செய்யவில்லை, உங்கள் மாடிச் சுவரில் ஏறப்போகும் ஆளின் பிள்ளைகள் பெயரில் எழுதியிருக்கிறார்.